இரண்டு பந்துகள் தெரிந்தன, ஒன்றை அடித்தார்!

20 வயது வாலிபர் ஒருவர் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். கூஜாவை எடுக்கிறார். தம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறார். தண்ணீர் தம்ளரில் விழவில்லை. மேஜை மீது கொட்டுகிறது!

சிகரெட் பற்றவைக்கத் தீக்குச்சி கிழிக்கிறார். நெருப்பு சிகரெட்டின் நுனியில் படவில்லை. கால் அங்குலம் தள்ளிப் போகிறது.

அவர் குடித்திருக்கவில்லை. கை நடுக்கமும் இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய வலது கண்ணின் பார்வை பறிபோயிருந்தது.

இது நடந்தது இங்கிலாந்தில். ஆண்டு 1961.

ஆறு மாதம் சென்றது. அதே வாலிபர் சென்னைக்கு வந்தார். இங்கிலாந்தை எதிர்த்து மட்டை பிடித்தார். தம்ளரில் தண்ணீர் ஊற்றத் தடுமாறிய அவர், சீறி வந்த பந்துகளை அடித்து 103 ரன் குவித்தார்!

அவர்தான் பட்டோடி நவாப் மன்சூர் அலிகான். ரசிகர்கள் அவரை "டைகர்" பட்டோடி என்று அழைத்தார்கள். "டைகர்" என்பது சின்ன வயதிலேயே வந்த செல்லப் பெயர்.

ஒரு சோதனை

ஒரு கண் போனால் என்ன, இன்னொரு கண் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு சோதனை.

வீட்டில் ஊசியும் நூலும் இருக்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் போகும். அல்லது பின்னால் போகும். காதுக்குள் மட்டும் எளிதில் போகாது!

இதற்குக் காரணம் உண்டு. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் இரண்டரை அங்குல இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்றே வேறு வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. இரண்டு படங்களையும் மூளை ஒன்றாகச் சேர்க்கிறது. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அதிலிருந்துதான் கணக்குப் போடுகிறது. ஒரு படம் இல்லாவிட்டால் கணக்குத் தவறுகிறது.

ஊசியாவது கையில் அசையாமல் இருக்கிறது. கிரிக்கெட் பந்து அப்படியா? 22 கெஜ தூரத்திலிருந்து, அதாவது 66 அடி தூரத்திலிருந்து வருகிறது. வேகப்பந்து வீச்சாளர் கையிலிருந்து புறப்பட்டால் மணிக்கு 80 மைல், 90 மைல் வேகம். அரை விநாடிதான் அவகாசம். அதற்குள் பந்து எங்கே விழும், எப்படி எழும் என்று பார்த்து, மட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இரண்டு கண்ணும் உள்ளவர்களே இதில் திணறுவது வழக்கம்.

தந்தையும் மகனும்

மன்சூர் அலிகான் 1941-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி போபாலில் பிறந்தார். தந்தை இப்திகார் அலிகான், பட்டோடி சமஸ்தானத்தின் நவாப். டில்லிக்குப் பக்கத்தில் உள்ள சின்னஞ் சிறு சமஸ்தானம் அது. தாயார் சாஜிதா சுல்தான், போபால் நவாபின் மகள்.

தந்தையும் பெரிய கிரிக்கெட் ஆட்டக்காரர். இங்கிலாந்துக்காகவும் ஆடினார், இந்தியாவுக்காகவும் ஆடினார். 1932-ல் இங்கிலாந்து கோஷ்டியில் சேர்ந்து ஆஸ்திரேலியா சென்றார். சிட்னியில் தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே சதம் அடித்தார். ஆனால் அவருக்கும் காப்டன் ஜார்டினுக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்த பந்தயத்தோடு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். 1946-ல் இந்தியக் கோஷ்டிக்குக் காப்டனாக இங்கிலாந்து போனார்.

1952-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி. மகனுக்கு அன்று 11-வது பிறந்த நாள். டில்லியில் போலோ ஆடிக்கொண்டிருந்த தந்தை அங்கேயே இறந்துபோனார். பிறந்த நாளே தந்தையின் நினைவு நாளும் ஆகிவிட்டது.

பையன் படிப்பதற்கு இங்கிலாந்து போனான். வின்செஸ்டர் பள்ளியில் சேர்ந்தான். அங்கே 1959-ல் ஒரே பருவத்தில் 1,068 ரன் எடுத்தான். அதற்கு முன் அந்தப் பள்ளியில் பெரிய சாதனை வைத்திருந்தவர் யார் தெரியுமா? தந்தையை உட்கார வைத்த அதே ஜார்டின்தான்! 40 ஆண்டு காலம் நிலைத்திருந்த அந்தச் சாதனையைப் பட்டோடியின் மகன் முறியடித்தான்.

பிறகு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை. 1961-ல் அதன் கிரிக்கெட் காப்டன். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அந்த ஆண்டு ரன் மழையாகப் பொழிந்தது. ஆக்ஸ்போர்டில் தந்தை வைத்திருந்த சாதனையையும் மகன் எட்டிப்பிடிக்கும் நேரம்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

கண்ணாடிச் சில்லு

1961, ஜூலை 1. ஹோவ் என்ற கடற்கரை ஊரில் சஸ்ஸெக்ஸ் கோஷ்டியுடன் பந்தயம். அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆட்டக்காரர்கள் பக்கத்து ஊருக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது சிலர் கடற்கரையோரம் நடந்து வந்தார்கள். பட்டோடி நண்பர் ஒருவரின் காரில் ஏறிக்கொண்டார். நண்பர்தான் ஓட்டினார்.

திடீரென்று ஒரு பெரிய கார் எதிரே வந்து திரும்பியது. மோதல். முன்பக்கக் கண்ணாடி தூள் தூளானது.

அதில் ஒரு சின்னச் சில்லு பட்டோடியின் வலது கண்ணில் பாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கண்ணை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் பார்வை அநேகமாகப் போய்விட்டது. மங்கலாக ஏதோ தெரியும், அவ்வளவுதான்.

விபத்து ஒரு நிமிஷக் கதை. அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை. படிக்கட்டில் கால் எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும். ஒருவர் கை நீட்டினால் அதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும். குழந்தைகள் கற்றுக்கொள்வதையெல்லாம் 20 வயதில் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில வாரங்களிலேயே அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டார். முதலில் பந்து மட்டையில் படவே இல்லை. வந்துவிட்டது என்று நினைத்து மட்டையைச் சுழற்றுவார். பந்து இன்னும் வந்திருக்காது. பந்து வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதற்குள் அது ஸ்டம்பைச் சாய்த்துவிடும்.

ஆனாலும் விடவில்லை. நிற்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினார். பந்து வீசுபவரை நல்ல கண் நேராகப் பார்க்கும்படி நின்றார். வலது கையால் ஆடுகிறவர்கள் இடது தோளைத்தானே முன்னே காட்டி நிற்கிறார்கள்? அவருக்குப் போனது வலது கண். இடது கண் போயிருந்தால் பாடு இன்னும் திண்டாட்டம் ஆகியிருக்கும். ஆபத்திலும் சிறிது அதிர்ஷ்டம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

எந்தப் பந்தை அடிப்பது?

அந்த ஆண்டுக் கடைசியில் இங்கிலாந்துக் கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. ஹைதராபாத்தில் ஒரு பந்தயம். பட்டோடிக்கு அதில் ஆட அழைப்பு வந்தது.

வலது கண்ணில் "காண்டாக்ட் லென்ஸ்" வைத்துக்கொண்டு இறங்கினார். கண் விழி மீது ஒட்டிக்கொள்ளும் சிறிய வில்லை அது. அதை வைத்தால் வலது கண்ணுக்கும் பார்வை வந்தது. ஆனால் ஒரு தொல்லை. இரண்டு கண்களின் பார்வையும் ஒன்று சேரவில்லை. ஒரு பந்து வந்தால் இரண்டு பந்துகள் தெரிந்தன! இரண்டுக்கும் நடுவே ஆறேழு அங்குலம் இடைவெளி.

எதை அடிப்பது?

உள்பக்கம் தெரிந்த பந்தை அடித்தார். அதுதான் நிஜமான பந்து! இப்படியே தேநீர் வேளை வரை 35 ரன் எடுத்துவிட்டார்.

தேநீர் வேளையில் வில்லையைக் கழற்றி எறிந்தார். கெட்ட கண்ணை மூடிக்கொண்டார். ஒரே கண்ணோடு மறுபடியும் ஆடி 70 ரன் வரை கொண்டுபோய்விட்டார். இதையெல்லாம் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்று முதல் தொப்பியை வலது கண் பக்கம் இழுத்து விட்டுக்கொண்டு ஆடுவது அவர் வழக்கமாயிற்று. தொப்பியைச் சாய்த்து வைப்பது நவாப் வீட்டுப் பிள்ளையின் ஒய்யாரம் என்று ரசிகர்கள் பலர் நினைத்தார்கள். ஒய்யாரம் அல்ல, மங்கல் படம் வந்து குறுக்கிடாமல் இருக்க ஒரு மறைப்பு!

சென்னையில் 103

டில்லியில் நடந்த 3-வது டெஸ்ட் பந்தயத்தில் பட்டோடி முதன்முதலாக இந்தியாவுக்காக ஆடினார். 13 ரன்தான். கல்கத்தாவில் 64 ரன், 32 ரன். அங்கே இந்தியா ஜெயித்தது.

5-வது பந்தயம் சென்னையில். 1962-ம் ஆண்டு, பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு தொடங்கியது. அப்போது சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயம் நடப்பதில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் நடந்தது.

காப்டன் நாரி கண்டிராக்டர் 86 ரன் எடுத்தார். பட்டோடி வந்தார். பயந்து பயந்து ஆடவில்லை. பந்தைத் தூக்கி அடிக்கவும் தயங்கவில்லை. 103 ரன்! டெஸ்டில் அவருடைய முதல் சதம். விபத்து நடந்து ஆறரை மாதம்கூட ஆகவில்லை.

இந்தியா 428 ரன் எடுத்தது. சலீம் துரானி சுழல் பந்து வீசி இரண்டு ஆட்டங்களிலுமாக 10 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். 128 ரன் வித்தியாசத்தில் இந்தியாவுக்கு வெற்றி. இங்கிலாந்திடமிருந்து இந்தியா ஒரு டெஸ்ட் தொடரை வென்றது அதுவே முதல் தடவை.

ஒரு கண் போன பிறகு டெஸ்ட் ஆடலாம் என்று எப்போது உங்களுக்குத் தோன்றியது என்று ஒருவர் பின்னாளில் அவரைக் கேட்டாராம். இங்கிலாந்துக்காரர்கள் பந்து வீசுவதைப் பார்த்தபோது என்று பதில் சொன்னார் பட்டோடி!

21 வயதில் காப்டன்

சென்னை வெற்றி முடிந்த கையோடு இந்தியக் கோஷ்டி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. பட்டோடி உதவி காப்டன்.

1962 மார்ச் மாதம் பார்படாஸ் தீவில் ஒரு பந்தயம். கிரிபித் என்பவர் அசுர வேகத்தில் வீசிய பந்து காப்டன் கண்டிராக்டரின் தலையில் தாக்கியது. மண்டை ஓடு உடைந்தது. உயிருக்கு மன்றாடினார். மேற்கிந்தியக் கோஷ்டிக் காப்டன் பிராங்க் வொரெல் தம் ரத்தத்தைக் கொடுத்தார். கண்டிராக்டர் பிழைத்தார். ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை.

சில நாட்களில் அடுத்த டெஸ்ட். காப்டன் யார்? பட்டோடிதான். வயது 21 ஆண்டு 77 நாள்! அதுவரை உலகில் அவ்வளவு சின்ன வயதில் டெஸ்ட் காப்டன் ஆனவர் எவரும் இல்லை. 2004-ம் ஆண்டு வரை அந்தச் சாதனை நிலைத்தது.

நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கோஷ்டித் தலைவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எதிரே வேகப்பந்து வீச்சாளர்கள். தலைக் கவசம் என்ற பொருளே அந்தக் காலத்தில் கிடையாது. கோஷ்டியில் உள்ள பலர் காப்டனைவிட மூத்தவர்கள். காப்டனுக்கோ ஒரு கண். அந்தத் தொடரில் ஐந்து பந்தயங்களிலும் இந்தியா தோற்றது. தோற்றதில் ஆச்சரியம் இல்லை.

அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டங்களை எல்லாம் இங்கே சொல்ல இடம் போதாது. 1964-ல் டில்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203 ரன். அதே ஆண்டு சென்னையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 128. 1967-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 64, 148. லீட்ஸ் பந்தயத்தில் இந்தியா 386 ரன் பின்தங்கி, மறுபடியும் ஆட வேண்டிய பரிதாப நிலை. 510 ரன் எடுத்துத்தான் தோற்றது.

ஆனால் மெல்போர்னை விட முடியாது.

ஒரு கண், ஒரு கால்

1967 டிசம்பர் 30. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம். பட்டோடிக்குத் தொடையின் பின்புறத் தசை பிசகியிருந்தது. முதல் டெஸ்டில் ஆடவில்லை. இரண்டாவது டெஸ்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தார்.

இந்தியாவின் ஆட்டம் தொடங்கியது. 25 ரன்னுக்குள் ஐந்து பேர் அவுட்! காப்டன் மட்டையை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். வேகமாக ஓட முடியாது. அவருக்காக ஓட இன்னொருவர் நின்றார். காலை நகர்த்தி அடிக்கவும் முடியாது. நின்ற இடத்திலேயே நின்று அடித்தார். 75 ரன். இந்தியா 173. இரண்டாவது ஆட்டத்தில் மறுபடி 85.

பந்தயம் தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் ஒரு கண்ணும் ஒரு காலும் கொண்டு ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றி ஆஸ்திரேலியர்களே வெகு காலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து கோஷ்டி நியூசிலாந்து போனது. 3-1 என்று தொடரை வென்றது. அந்நிய மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட், முதல் தொடர் இரண்டும் அதுதான். காப்டன் பட்டோடி.

சூம்பிய கை

பட்டோடியின் கோஷ்டியில் இன்னொருவரும் இருந்தார். மைசூரில் பிறந்த சந்திரசேகர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கை சூம்பிப் போனவர். வயலில் நின்று பந்தை எடுத்து எறிவதற்கு அவருக்கு இடது கைதான். ஆனால் பந்து வீசுவது மட்டும் அந்தச் சூம்பிய வலது கையால்!

1964 ஜனவரியில் பம்பாயில் அவர் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 18. காப்டன் பட்டோடி. முதல் ஆட்டத்திலேயே 67 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். மெலிந்த அந்தக் கை சவுக்கு மாதிரி சுழலும். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் புரியாது. 58 டெஸ்டில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 242. மட்டை பிடித்து எடுத்த ரன்கள் மொத்தமே 167! 1971-ல் இங்கிலாந்தில் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்த்து, அந்த மண்ணில் இந்தியாவுக்கு முதல் வெற்றி தேடித் தந்தவர் அவர்தான்.

வேகப்பந்து வீச்சாளர் நம்மிடம் இல்லையே என்று பட்டோடி அழுதுகொண்டிருக்கவில்லை. இருப்பது சுழல் பந்து. அதையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் நால்வரும் அவர் தலைமையில் ஆடியவர்கள். இல்லாததை எண்ணி ஏங்காமல் இருப்பதை வைத்து ஆடுவது அவருக்குப் பழகிப்போன காரியம் அல்லவா?

கணக்குப் புத்தகம்

1971-ல் காப்டன் பதவி அஜித் வடேகருக்குப் போயிற்று. தேர்வுக் குழுவில் ஓட்டுகள் சமமாகப் பிரிய, தலைவர் விஜய் மெர்ச்சன்ட் தம் ஓட்டை வடேகருக்குப் போட்டார். அதே ஆண்டு மன்னர்களின் பட்டங்களும் மானியமும் சட்டப்படி ரத்தாயின. நவாப் பட்டமும் இல்லை, காப்டன் பட்டமும் இல்லை. 1973 ஜனவரியில் மன்சூர் அலிகான் என்ற வெறும் பெயரோடு, வடேகருக்குக் கீழ் ஆட வந்தார். எங்கே? சென்னையில்தான். 73 ரன் எடுத்தார்.

1975-ல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். 46 டெஸ்டில் 2,793 ரன். ஆறு சதம். சராசரி 34.91. காப்டனாக 40 டெஸ்ட். வெற்றி 9, தோல்வி 19.

சராசரி குறைவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வெற்றியைவிடத் தோல்வி அதிகமாயிற்றே என்று சொல்பவர்களும் உண்டு. கணக்கு பொய் சொல்லாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கண் என்று எங்கும் எழுதியிருக்காது. அவரும் அதைச் சாக்காகச் சொன்னவர் அல்ல.

இன்னொரு பேச்சும் உண்டு. "இரண்டு கண்ணும் இருந்திருந்தால் உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் ஆகியிருப்பாரே!" என்பார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆடாத ஆட்டத்துக்குக் கைதட்டி, ஆடிய ஆட்டத்தைக் குறைத்துப் பேசுவது அது. விபத்துக்கு முன் தாம் கண்ட கனவு நிறைவேறாது என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மிகப் பெரிய ஆட்டக்காரர் ஆக முடியாவிட்டால் போகட்டும், கோஷ்டிக்கு உபயோகமான ஆட்டக்காரராக இருப்போம் என்று இறங்கினார். அதைத் தம் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார். 20 வயதில் அப்படி ஒப்புக்கொள்வது, எனக்கு 203 ரன்னைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

வங்காள நடிகை சர்மிளா தாகூரை அவர் மணந்தார். மகன் சயீப் அலிகானும் மகள் சோஹாவும் பிற்காலத்தில் சினிமாவில் புகழ் பெற்றார்கள். பட்டோடி அதிகம் பேசாதவர். சிரிக்காமல் வேடிக்கை பேசுவதில் மட்டும் கெட்டிக்காரர்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி நுரையீரல் நோயினால் டில்லியில் காலமானார். வயது 70.

இறந்த பிறகு அவருடைய நல்ல கண் டில்லியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது.